இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம்

“நர்ஸுக்குப் படிக்கிற பெண்ணுக்கு ஆராய்ச்சி எதுக்கு? ஊசி போடவும் கட்டுக் கட்டவும் கத்துக்கிட்டாப் போதாதா?” எங்கள் தெருவில் இப்படிக் கேட்காதவர்கள் இல்லை. என் மூத்த பெண் பி.எஸ்ஸி. நர்சிங் படிப்பின் கடைசிக் கட்டத்தில், நாலு தோழிகளோடு சேர்ந்து ‘புராஜெக்ட்’ என்று பேப்பரும் கையுமாக அலைந்துகொண்டிருந்த சமயம் அது.

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு கல்யாணமாகி வந்தவள். ஆராய்ச்சி என்றால் கண்ணாடிக் குழாய், வெள்ளை எலி, பூதக்கண்ணாடி இவைதானே நம் மனதில் வரும்? ஆனால் நர்ஸ்கள் செய்கிற ஆராய்ச்சிக்கு இதெல்லாம் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. அதற்கு வேண்டிய முதல் சாமான் ஒரு கேள்வி. அதுவும் பெரும்பாலும் நம் வீட்டுப் படுக்கையறையில் எழும் கேள்வி. எங்கள் வீட்டில் எழுந்ததையே சொல்கிறேன்.

கனகசெட்டிக்குளம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைப் பக்கம் போனால், காலாப்பட்டைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லையை நெருங்கும் இடத்தில் இருக்கிறது. காலாப்பட்டில் பல்கலைக்கழகம், சாலையோரம் மருத்துவக் கல்லூரி என்று வந்த பிறகு, வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் கையில் அட்டையோடு வாசலில் வந்து நிற்பது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். “அக்கா, ரெண்டு கேள்விதான், அஞ்சே நிமிஷம்” என்பார்கள். ஐந்து நிமிஷத்தில் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை!

என் மாமியாருக்கு 78 வயது. பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறியது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது வார்டு நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைங்கம்மா. இல்லேன்னா முதுகிலே புண்ணு வந்துடும்” என்றார்.

பகலில் எப்படியோ சமாளிக்கலாம். இரவில்? பத்து மணி, பன்னிரண்டு, இரண்டு, நாலு... போனில் அலாரம் வைத்து எழுந்து, அவரை இடப்பக்கம் சாய்த்து, முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. கண் மூடுவதற்குள் அடுத்த அலாரம். ஒரு மாதத்தில் என் முகமே மாறிவிட்டது என்று என் வீட்டுக்காரர் சொன்னார். பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லுவார்கள். ஸ்பிரிட் தொட்டுத் தேய், பவுடர் கொட்டு, வாழை இலையை விரித்துப் படுக்க வை, தேங்காயெண்ணெய் போட்டு நன்றாக அழுத்தித் தேய்த்துவிடு. “ராத்திரியிலே எதுக்கும்மா எழுப்பறே, கிழவி நிம்மதியாத் தூங்கட்டுமே” என்று சொன்னவர்களும் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலிலிருந்து வந்திருந்த மகள், ஆயாவைத் துடைத்துவிடும்போது வால் எலும்புக்கு மேலே ஒரு ரூபாய்க் காசு அளவு சிவப்பைப் பார்த்தாள். விரலால் அழுத்தி எடுத்தாள். “அழுத்தினா வெளுக்கணும்மா. வெளுத்துத் திரும்பிச் சிவந்தா, இன்னும் ஒண்ணும் ஆகலே. வெளுக்காம அப்படியே சிவப்பா நின்னா, புண்ணோட ஆரம்பம்னு அர்த்தம்” என்றாள். நம்மைப் போல் மாநிறமோ கறுப்போ ஆனவர்களுக்கு இந்தச் சிவப்பு சரியாகத் தெரியாதாம். அதனால் தொட்டுப் பார்த்து, சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும். வீட்டில் படுக்கையாக யாராவது இருந்தால் இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். முதுகில் மட்டுமல்ல, குதிகாலிலும் இடுப்பெலும்பிலும் பாருங்கள்.

நல்ல வேளையாக, அழுத்தியதும் வெளுத்தது. ஆனால் எனக்கு ஆற்றாமை. “இவ்வளவு கண் முழிச்சும் சிவந்துதே! சரி, இந்த ரெண்டு மணி நேரக் கணக்கை யார்தான் சொன்னது? ஒன்றரை ஏன் இல்லே? மூணு ஏன் இல்லே? பவுடர் போட்டாப் பிரயோஜனம் உண்டா இல்லையா? யாராவது சோதிச்சுப் பார்த்தாங்களா, இல்லே வாய் வழியா வந்ததா?” என்று பொரிந்து தள்ளினேன்.

அவள் சிரித்தாள். “இப்ப நீ கேட்டே பாரு, இதுக்குப் பேர்தான்மா ரிசர்ச் ப்ராப்ளம். எங்க மேடம் ஒரு மாசமா இதைத்தான் சொல்லிக் கொடுக்கறாங்க” என்றாள்.

சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் டோரீன் நார்ட்டன் என்று ஒரு நர்ஸ். வயதானவர்களைக் கவனிக்கும் வார்டுகளில், படுக்கைப் புண் வராமல் இருக்க ஒவ்வொரு நர்ஸும் தனக்குச் சொல்லிக் கொடுத்தபடி எதையாவது தேய்த்துக்கொண்டிருந்த காலம் அது. நார்ட்டனும் அவரோடு சேர்ந்தவர்களும் எதனால் புண் வருகிறது, எது தடுக்கிறது என்று நோயாளிகளை வரிசையாகக் கவனித்துக் குறித்து, 1962-ல் அறிக்கையாக வெளியிட்டார்கள். புண்ணைத் தடுத்தது எந்தப் பூச்சும் அல்ல; அழுத்தத்தை எடுத்துவிடுவதுதான், அதாவது புரட்டிவிடுவதுதான் என்று தெரிந்தது. எலும்பு துருத்திய இடத்தை அழுத்தித் தேய்ப்பது, இருக்கிற தோலையும் கெடுக்கும் என்பதால், இப்போது அதை நிறுத்தவே சொல்கிறார்கள்.

யாருக்குப் புண் வரும் அபாயம் அதிகம் என்று கண்டுபிடிக்க அவர் ஒரு மார்க் கணக்கும் ஏற்படுத்தினார். உடல் நிலை, மனத் தெளிவு, நடமாட்டம், கைகால் அசைவு, சிறுநீர் மலக் கட்டுப்பாடு என்று ஐந்து விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மார்க். மொத்தம் 20. 14-ம் அதற்குக் கீழும் என்றால் அபாயம். அன்று என் மகள் அவள் ஆயாவுக்குப் போட்டுப் பார்த்தாள். உடலுக்கு 2, மனத்துக்கு 3, நடமாட்டம் 1, அசைவு 2, கட்டுப்பாடு 2. ஆக 10. பள்ளிக்கூடத்தில் பெயிலான பிள்ளையின் மார்க்கைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதோடு முடியவில்லை. புரட்டுவது சரி, அந்த ‘இரண்டு மணி’? அதையும் பின்னால் சிலர் கேள்வி கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் நான்ஸி பெர்க்ஸ்ட்ராம் என்று ஒரு நர்ஸ் ஆராய்ச்சியாளர். 1987-ல் பார்பரா பிரேடன் என்பவரோடு சேர்ந்து நார்ட்டனுடையது போல இன்னொரு மார்க் கணக்கை வெளியிட்டவர். அமெரிக்காவிலும் கனடாவிலும் முதியோர் இல்லங்களில் இருந்த 942 பேரை மூன்று வகையாகப் பிரித்து, சிலரை 2 மணிக்கு ஒரு முறையும், சிலரை 3 மணிக்கு ஒரு முறையும், சிலரை 4 மணிக்கு ஒரு முறையும் புரட்டிப் பார்த்தார். 2013-ல் வெளியான முடிவு என்ன தெரியுமா? மூன்று வகையிலும் புண் வந்தவர்கள் எண்ணிக்கையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை!

இதைக் கேட்டதும், ‘அப்பாடா, நாலு மணி நேரம் தூங்கலாம்’ என்றுதான் எனக்குத் தோன்றியது. உங்களுக்கும் தோன்றும். அவசரப்படாதீர்கள். அங்கே எல்லோரும் படுத்திருந்தது நல்ல அடர்த்தியான விசேஷ ஃபோம் மெத்தையில். புரட்டும்போதெல்லாம் தோலையும் பார்த்தார்கள். நம் வீட்டு இலவம்பஞ்சு மெத்தைக்கு அந்த முடிவை அப்படியே தூக்கிவந்து பொருத்த முடியாது. ஆராய்ச்சி முடிவைப் படிக்கும்போது, ‘யாரிடம், எங்கே, எந்த நிலைமையில் பார்த்தார்கள்?’ என்று முதலில் கேட்க வேண்டும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். பத்திரிகையில் ‘ஆய்வில் கண்டுபிடிப்பு’ என்று ஏதாவது வந்தால் இப்போதெல்லாம் அதைத்தான் தேடுகிறேன். பாதி செய்திகளில் அது இருப்பதில்லை.

பிறகு, காற்று மெத்தை ஒன்று வாங்கிப் போட்டோம். வார்டு நர்ஸைக் கேட்டு, அவர் சரியென்ற பிறகு, இரவில் மட்டும் மூன்று மணி நேரமாக்கினோம். ஒவ்வொரு தடவையும் டார்ச் அடித்துத் தோலைப் பார்ப்பது என்பது நிபந்தனை. சனி, ஞாயிறு இரவுகளை என் ஓரகத்தி ஏற்றுக்கொண்டாள். பதினோரு மாதம் இருந்துவிட்டு மாமியார் போய்ச் சேர்ந்தார். கடைசிக் குளியலுக்கு எடுத்தபோது எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். நான் அவர் முதுகைத் திருப்பிப் பார்த்தேன். தோல் முழுசாக இருந்தது.

கருமாதி முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பிய மகள், தோழிகளிடம் பேசிப் புராஜெக்ட்டுக்கு இதையே எடுத்துக்கொண்டாள்: வீட்டில் படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு, புரட்டும் முறையை நேரில் செய்து காட்டினால் பலன் அதிகமா, அச்சடித்த தாளைக் கொடுத்தாலே போதுமா?

நர்ஸ்களின் ஆராய்ச்சி புதிதாக முளைத்தது அல்ல. விளக்கை ஏந்திய மாது என்று நாம் பாடத்தில் படித்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் விளக்கோடு கணக்கு நோட்டையும் ஏந்தியவர். துருக்கியில் ஸ்குடாரி ராணுவ ஆஸ்பத்திரியில் 1855 பிப்ரவரியில் நூற்றுக்கு 42 பேர் இறந்தார்கள். சாக்கடையைச் சுத்தம் செய்து, காற்றோட்டம் ஏற்படுத்திய பிறகு ஜூனில் அது நூற்றுக்கு 2 ஆயிற்று. குண்டடிபட்டுச் செத்தவர்களைவிடத் தொற்று நோயில் செத்தவர்கள் பல மடங்கு என்று அவர் எண்ணிக் காட்டி, வண்ணப் படமாகவே வரைந்தார். இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. ஆனாலும் 1859-ல் இந்திய ராணுவத்தின் சுகாதாரத்தை விசாரிக்க ராயல் கமிஷன் அமைத்தபோது, இங்குள்ள முகாம்களுக்கெல்லாம் கேள்வித்தாள் போனதில் அவர் கை இருந்தது. குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது என்று லண்டனில் உட்கார்ந்தபடியே கேட்டார்! நம் பக்கத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946-லேயே நர்ஸ்களுக்குப் பட்டப்படிப்பு வந்துவிட்டது. இன்று பி.எஸ்ஸி. நர்சிங் படிக்கிற ஒவ்வொரு பெண்ணும் ஆராய்ச்சிப் பாடத்தைப் படித்தே ஆக வேண்டும்.

சரி, என் மகளின் கோஷ்டிக்கு வருவோம். கேள்வி கிடைத்ததும் களத்தில் குதிக்கக் கூடாதாம். முதலில் இதே கேள்வியை வேறு யார் கேட்டார்கள், என்ன கண்டார்கள் என்று படிக்க வேண்டும். சமையலறைக்குப் போகுமுன் வீட்டில் என்ன இருக்கிறதென்று பார்ப்பதில்லையா, அது மாதிரி. பிறகு ஒரு யூகம் செய்ய வேண்டும். ‘நேரில் காட்டினால் அதிகம் பேர் சரியாகச் செய்வார்கள்’ என்பது இவர்களுடைய யூகம். கருதுகோள் என்று அதற்குப் பெயர். நாம் மாற்றிப் பார்ப்பது ஒன்று (சொல்லித் தரும் முறை), அதனால் மாறுகிறதா என்று அளப்பது ஒன்று (புரட்டும் பழக்கம்). இரண்டுக்கும் மாறிகள் என்று பெயராம். பெயர்தான் பயமுறுத்துகிறது, விஷயம் எளிது.

அடுத்தது, யாரைக் கேட்பது? ஊரில் உள்ள அத்தனை பேரையும் கேட்க முடியாது. ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்று நான் சொன்னேன். “அது கிளறின பானைக்கும்மா. கிளறாத பானையில மேல வேகாம இருக்கும், அடியில தீஞ்சிருக்கும். மேலாகவே எடுத்துப் பார்த்தா ஏமாந்துடுவோம்” என்றாள் ஒரு தோழி. அந்தப் பெண் சமைப்பாள் போலிருக்கிறது! ஆராய்ச்சியில் பானையைக் கிளறுவதற்கு ஒரு வழி சீட்டுக் குலுக்கல். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்தில் குடத்தில் ஓலையைப் போட்டுச் சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னார்களே, 919, 921-ம் ஆண்டுக் கல்வெட்டுகளில் இருக்கிறதே, அதே யுக்திதான். வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சுக்கே இடமில்லை. இவர்களும், கிடைத்த வீடுகளுக்கு எண் கொடுத்து, யாருக்கு நேர்முகப் பயிற்சி, யாருக்குத் தாள் என்று சீட்டுக் குலுக்கித்தான் பிரித்தார்கள். தாள் மட்டும் வாங்கியவர்களுக்கும் ஆய்வு முடிந்ததும் நேரில் செய்து காட்டியாக வேண்டும் என்பது கல்லூரியின் உத்தரவு. நியாயம்தானே?

அளக்கிற கருவி என்று ஒன்று வேண்டும். ஒரு தராசு எத்தனை தரம் நிறுத்தாலும் ஒரே எடை காட்டலாம். ஆனால் ஒவ்வொரு தரமும் 50 கிராம் குறைத்தே காட்டினால்? மாறாமல் காட்டுவது ஒரு குணம், உள்ளதைக் காட்டுவது வேறு குணம். கருவிக்கு இரண்டும் வேண்டும். இவர்களுடைய கருவி ஒரு தாள். 24 மணி நேரத்துக்கும் கட்டம் போட்டு, புரட்டிய நேரத்தில் டிக் அடிக்க வேண்டும்.

முழு ஆய்வுக்கு முன்னால் சின்ன அளவில் செய்து பார்ப்பதை முன்னோட்ட ஆய்வு என்கிறார்கள். அதை எங்கள் பக்கத்துத் தெருக்களில் நாலைந்து வீடுகளில் வைத்துக்கொண்டார்கள். நான்காம் நாள் தாள்களை எங்கள் திண்ணையில் பரப்பிப் பார்த்த பெண்கள் திடீரென்று மௌனமாகிவிட்டார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு தாளில் பகல், இரவு, அதிகாலை எல்லாக் கட்டத்திலும் டிக். ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். காபி சாப்பிட்டுக்கொண்டே மொத்தமாகப் போட்டது என்று பார்த்தாலே தெரிந்தது.

அந்த வீட்டு அக்காவை எனக்கு நன்றாகத் தெரியும். பொய் சொல்கிறவர் அல்ல. கணவர் விபத்தில் அடிபட்டுப் படுக்கையில். பகலில் வீட்டு வேலைக்கும் போய்வருகிறார். பின்னால் என்னிடம் சொன்னார்: “என்ன பண்றதும்மா, ராத்திரியிலே கண்ணை முழிக்கவே முடியலே. வெத்துத் தாளாக் குடுத்தா பாவம், பிள்ளைங்களுக்கு மார்க்குக் குறைஞ்சுடாதா? நம்மளையும் என்ன நெனைக்கும்?”

யோசித்துப் பாருங்கள். நல்ல மனசோடு போட்ட டிக்தான். ஆனால் அந்தத் தாளை உண்மையென்று எடுத்துக்கொண்டால் கணக்கு என்ன சொல்லும்? ‘இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டியும் இவருக்குப் புண் வந்தது’ என்று சொல்லும். அப்படி நாலு தாள் சேர்ந்தால், ‘புரட்டுவதால் பலனில்லை’ என்று ஆகிவிடும். நாளைக்கு யாரோ ஒரு மருமகள் அதை நம்பிப் புரட்டாமல் விட்டால், யாரோ ஒரு மாமியாரின் முதுகில் எலும்பு தெரியப் புண் வரும். நம் தெருவில் மரியாதைக்குப் போட்ட டிக் எங்கே போய்க் காயப்படுத்துகிறது, பாருங்கள்.

அவர்களுடைய ஆசிரியை யாரையும் கோபிக்கவில்லையாம். “தாள்தான் தப்பு, அந்த அம்மா தப்பில்லை. கண்டுபிடிக்கத்தானே முன்னோட்டம்?” என்று சொல்லி மாற்றி எழுதச் சொன்னாராம். புதுத் தாளில், ‘நேற்று இரவு எத்தனை முறை புரட்ட முடியாமல் போயிற்று? காரணம் என்ன?’ என்று கேட்டார்கள். மேலே கொட்டை எழுத்தில், ‘முடியவில்லை என்று எழுதுவதும் எங்களுக்கு உதவிதான்’ என்று போட்டார்கள். அவ்வளவுதான், கட்டம் போட்ட தாளில் வராத விஷயங்களெல்லாம் வரத் தொடங்கின. இடுப்பு வலி, கைக்குழந்தை, ஒற்றை ஆளாகத் தூக்க முடியாத உடம்பு, கோபித்துக்கொண்டு திட்டும் நோயாளி. ஒரு பெண்மணி கேள்வியைக் கேட்டதும் அழுதுவிட்டாராம். ஆறு மாதத்தில் தன்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை என்றாராம். எண்ணிக்கையை விட்டுவிட்டு, இப்படி அவரவர் வாய்மொழியையே சேகரித்து ஆராய்வதும் நர்சிங் ஆராய்ச்சியில் ஒரு வகையாம். என்னைக் கேட்டால் அதுதான் பெரிய வகை.

முன்னோட்டத்தில் கலந்துகொண்டவர்களை முழு ஆய்வில் சேர்க்கக் கூடாது என்பதால், மிச்ச வேலையைக் காலாப்பட்டுப் பக்கம் வைத்துக்கொண்டார்கள். துணைக்கு நானும் இரண்டு நாள் போனேன். அங்கே ஒரு வீட்டில், பாயில் உட்கார்ந்திருந்த வயதான அம்மாள் சம்மதப் படிவத்தைக் கண்டதும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “கையெழுத்தெல்லாம் வேணாம் பாப்பா. எங்கப்பா ஒரு கைநாட்டு வெச்சுத்தான் நிலம் போச்சு” என்றார். நான் நடுவே புகுந்து, ‘அதெல்லாம் ஒன்றுமில்லை, போடுங்கள்’ என்று சொல்லப் போனேன். என் மகள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். “வேணாம்னா வேணாம் ஆயா. அதனால ஒண்ணும் குறைஞ்சு போகாது” என்று சொல்லிவிட்டு, படுத்திருந்த தாத்தாவை எப்படிச் சாய்க்க வேண்டுமென்று மட்டும் காட்டிவிட்டு எழுந்துவிட்டாள்.

வழியில் நடந்துகொண்டே அவள் சொன்ன கதை என் தூக்கத்தைக் கெடுத்தது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் டஸ்கிகீ என்ற இடம். அங்கே அரசாங்கத்தின் பொதுச் சுகாதாரத் துறையே 1932 முதல் 1972 வரை ஓர் ஆய்வு நடத்தியது. சுமார் 600 கறுப்பின ஆண்கள், ஏழைகள். அவர்களில் 399 பேருக்கு மேகநோய் இருந்தது. நோய் என்னவென்று அவர்களிடம் சொல்லவில்லை. ‘கெட்ட ரத்தம்’ என்றார்கள். 1940-களில் பெனிசிலின் வந்து அந்த நோய் குணமாகத் தொடங்கிய பிறகும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. விட்டுவிட்டால் நோய் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்! அந்த மனிதர்களின் வீடுகளுக்குப் போய், நல்லது கெட்டது விசாரித்து, ஆய்வோடு அவர்களை இணைத்து வைத்திருந்தவர் யூனிஸ் ரிவர்ஸ் என்ற நர்ஸ். அவரை அவர்கள் நம்பினார்கள். 1997-ல் ஜனாதிபதி கிளிண்டன் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

அதனால்தான் இவ்வளவு கெடுபிடி. மனிதர்களை வைத்துச் செய்யும் எந்த ஆய்வுக்கும் முதலில் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் இதற்கு விரிவான நெறிமுறைகள் வெளியிட்டிருக்கிறது. உங்கள் வாசலுக்கு யாராவது இப்படி வந்தால் தாராளமாகக் கேளுங்கள்: எதற்காக இந்த ஆய்வு, எவ்வளவு நேரம் ஆகும், என் பேர் வெளியே வருமா, பாதியில் வேண்டாமென்று விலகலாமா, மறுத்தால் ஆஸ்பத்திரியில் எனக்குக் கிடைக்கும் கவனிப்பு குறையுமா? பதிலை நமக்குப் புரிகிற தமிழில் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. படிக்கத் தெரியாதவர்களுக்குச் சாட்சி ஒருவரை வைத்துக்கொண்டு வாசித்துக் காட்ட வேண்டும். ‘சிஸ்டர் கேட்கிறாரே, எப்படி மறுப்பது’ என்ற தயக்கமே வேண்டாம்.

கணக்குப் போடும் கட்டத்தை எனக்கு அவ்வளவாக விளக்கத் தெரியவில்லை. தெரிந்துகொண்டது இதுதான். இரண்டு கோஷ்டிக்கும் வித்தியாசம் தெரிந்தால் மட்டும் போதாது. உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும், குருட்டாம்போக்கில் இவ்வளவு பெரிய வித்தியாசம் தோன்றும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாக இருந்தால்தான் கணக்கில் எடுத்துக்கொள்வார்களாம். பூவா தலையா போட்டு மூன்று தரம் பூ விழுந்தால் காசைச் சந்தேகிக்க மாட்டோம். பத்துத் தரம் விழுந்தால் சந்தேகிப்போம். அந்த மாதிரி.

இங்கே எனக்கு ஓர் அபிப்ராயம் உண்டு. மாணவிகள் செய்யும் ஆய்வுகளில் நிறைய, ‘தாய்மார்களுக்கு என்ன தெரியும்’ என்று கேட்டு, பாடம் நடத்தி, மறுபடி அதே கேள்வியைக் கேட்டு, மார்க் ஏறியதைக் காட்டுகின்றன. நடத்தியதை உடனே கேட்டால் யார்தான் சொல்ல மாட்டார்கள்? எனக்குத் தெரியாதது ரொம்ப இல்லை. செய்ய நேரமும் ஆளும்தான் இல்லை. ஒரு மாதம் கழித்து ராத்திரி இரண்டு மணிக்கு என்ன நடக்கிறது என்று பார்க்கிற ஆய்வு கஷ்டம். ஆனால் அதுதான் எங்களுக்கு வேண்டும். இதை மகளின் ஆசிரியையிடமே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார்.

முடிவு வந்தது. பெண்களுக்கு முகம் விழுந்துவிட்டது. நேரில் காட்டியவர்களுக்கும் தாள் வாங்கியவர்களுக்கும் அவர்கள் யூகித்த அளவு வித்தியாசம் வரவில்லை. “ஒரு வருஷ உழைப்பும்மா!” என்று என் மகள் அழாக்குறையாகச் சொன்னாள். ஆசிரியை, “வந்தபடியே எழுதுங்கள். வீடுகள் குறைவு, காலம் குறைவு என்பதையும் எழுதுங்கள். ஒரு எண்ணைக்கூடத் தொடக் கூடாது” என்று சொல்லிவிட்டார். அப்படியே எழுதிப் பைண்டு செய்து கொடுத்தார்கள்.

தமிழில் ஒரு பக்கத்தில் சுருக்கி, கலந்துகொண்ட வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தபோது நானும் கூடப் போனேன். ஒரு வீட்டில் அந்த அம்மாள் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“ஏம்மா, எம் பேரு எங்கேயும் இல்லியே?”

“பேரு போடக் கூடாதுக்கா. எல்லாரையும் நம்பராத்தான் எழுதியிருக்கோம்.”

“அப்ப நான் எத்தனாம் நம்பரு?”

“அந்த லிஸ்டை அழிச்சுட்டோம்க்கா. இப்ப எங்களுக்கே தெரியாது.”

அவர் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தார். பிறகு தாளை நாலாக மடித்து, ரேஷன் கார்டு வைத்திருந்த பையில் போட்டுக்கொண்டு, உள்ளே கணவரைப் புரட்டிவிடப் போனார்.